பிளாஸ்குக்குள் செவ்வரத்தை

என் தம்பிக்கு நகம் கடிக்கிற பழக்கம். பத்து விரலிலும் நகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்படிப்பட்டவன் எங்கள் பக்கத்துக் கலியாணப் பெண்களின் நகங்களுக்கெல்லாம் பூச் செய்து கொடுக்கிற ஆளாக வந்தான். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் இல்லை. நான் கோபக்காரி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என்னகா, உன்ட தம்பி பொம்புளயளுக்கு நகம் அலங்கரிக்கிறானாம்" என்று யாராவது கேட்டால், "ஓம், உங்கட மகள்ட கலியாணத்துக்கும் அவன்தான் செய்வான், அப்பயும் இப்பிடிச் சிரிங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு என் வழியில் போவேன்.

இதெல்லாம் சுனாமியால் வந்தது. சுனாமி எங்கள் அம்மாவையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அப்பா அதற்குப் பல வருசம் முன்பே இல்லை. மிஞ்சியது நானும் தம்பியும்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. எனக்கு இருபத்தாறு. குருக்கள்மடத்துக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டில்கள் போட்டு எங்களை இருத்தினார்கள். அந்த நாட்களில் எங்கள் கரைக்கு வராத ஆட்கள் இல்லை. ஒவ்வொரு வாகனமும் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தது. மெழுகுதிரி செய்யப் பழகாத பெண் எங்கள் முகாமில் கிடையாது. செய்த மெழுகுதிரியை வாங்கத்தான் யாரும் வரவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரி ஒரு பெட்டி நிறைய நிறக் களி கொண்டுவந்தாள். பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, மனசில் இருக்கிறதைச் செய்யுங்கள் என்று மொழிபெயர்க்கிற ஆள் மூலம் சொன்னாள். பிள்ளைகள் எல்லாரும் அலை செய்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார் அழத் தொடங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். தம்பி மட்டும் அலை செய்யவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து உருட்டி, ஒரு நூலை எடுத்து அதை வெட்டினான். வெட்டிய முகத்தில் ஒரு சுருள் இருந்தது. அடுத்த துண்டிலும் அதே சுருள். கடைசி வரைக்கும் வெட்டிக்கொண்டே போனான். அம்மா போன பிறகு அவன் ஒரு வேலையில் மனம் வைத்து இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அந்தப் பெண்ணும் அதைக் கண்டிருக்க வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, உருளைக்குள் பூ வைக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தாள். போகிறபோது மிஞ்சிய களியையும் அவனிடமே விட்டுவிட்டுப் போனாள். பிறகு எனக்கு அவள் மீது கோபம் இல்லை.

அது நம்முடைய களிமண் அல்ல, ஒரு வகைப் பிளாஸ்டிக். பிசையப் பிசைய இடியப்ப மா மாதிரி கைக்கு இணங்கும். தானாகக் காயாது, சூட்டில் வெந்தால்தான் இறுகும். செவ்வரத்தைப் பூ வேண்டும் என்றால் முதலில் சிவப்பில் ஒரு தடித்த துண்டை உருட்டி, ஒரு பக்கத்தை நுள்ளி, இதழ் மாதிரிக் கூராக்க வேண்டும். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தகடு. அப்படி ஐந்து இதழ்களை நடுவில் ஒரு மஞ்சள் குச்சியைச் சுற்றி நிறுத்தி, இடைவெளிகளை வேறு களியால் அடைத்து, மொத்தத்தையும் அமத்தி உருட்டி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க உருளை மெலியும், உள்ளே பூவும் சிறுக்கும். கைப்பிடி அளவு பூ கடைசியில் நகத்தளவுக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தம்பி மிச்சம் மீதி நிறங்களையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து வெளித்தோலாகச் சுற்றுவான். அது சேற்று நிறத்தில், கண்ணுக்குப் பிடிக்காத ஒரு கட்டையாக இருக்கும்.

நகத்துக்கு என்றால் மெல்லிய குச்சியாக இழுத்து, வேக வைத்து இறுக்கி, பிறகு சவரப் பிளேட்டால் கடதாசித் தடிப்புக்குச் சீவ வேண்டும். நகப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அந்தத் துண்டை ஒட்டி, மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று கொடுத்தால் நகத்தோடு நகமாகிவிடும். பெட்டி, சிமிழ், வளையல் என்றால் வேறு மாதிரி. வேகாத உருளையை வெட்டி, பொருளின் மேல் ஒட்டி, பொருளோடு சேர்த்து வேக வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலில் வேகாத உருளையை வெட்டவே முடியாது. பிளேட் பட்டதும் பூ நசிந்துபோகும். அதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். அதற்குள் முகாமிலிருந்து ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் வாவி மீன் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அவருடைய ஐஸ் பெட்டியில், மீன்களுக்கு நடுவில், பொலித்தீன் பையில் சுற்றி உருளையைப் புதைத்து வைப்பான். குளிர்ந்து இறுகியதும் அழகாக வெட்டுப்படும். மீன் மணம்தான் போகாது. "இது என்ன, வளையல்ல கெளுத்தி மணக்குது?" என்று ஒரு மணப்பெண் கேட்டிருக்கிறாள்.

வேக வைக்கிறதற்கும் எங்களிடம் ஒரு வழியும் இல்லை. முதலில் நான் பிட்டோடு ஆவியில் வைத்துப் பார்த்தேன். களியும் கெட்டது, பிட்டும் கெட்டது. பிறகுதான் எங்கள் தெருவுக்கு ஓட்டோவில் பாண் கொண்டுவருகிற காத்தான்குடி நானாவைக் கேட்டேன். அவருக்குச் சொந்தத்தில் பேக்கரி, விறகுப் போறணை. முதல் தடவை பாணோடு பாணாக வைத்துவிட்டார். மறுநாள் வந்து, "தங்கச்சி, உங்கட பூ கரிஞ்சு, என்ட பாணெல்லாம் பிளாஸ்டிக் மணத்துப் போச்சு. சனம் ஏசுது" என்றார். பிறகு பாணெல்லாம் இறக்கி, போறணை ஆறுகிற நேரத்தில், ஒரு துண்டுப் பேப்பரை உள்ளே போட்டுப் பார்த்து, அது கருகாமல் கிடந்தால்தான் எங்கள் குச்சிகளை வைப்பார். காலையில் கொண்டுபோவார், அடுத்த நாள் பாணோடு திருப்பிக் கொண்டுவருவார். அவருடைய முஸ்லிம் ஊருக்கும் எங்கள் தமிழ் ஊருக்கும் இடையில் அந்த வருசங்களில் நடந்ததெல்லாம் நடந்தது. பாண் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

தம்பி இவ்வளவு நன்றாகச் செய்யப் பழகியதற்குக் காரணம், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. இயக்கங்கள் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிற காலம் அது. இன்றைக்கு ஒருவர் வந்து கேட்பார், நாளைக்கு இன்னொருவர். இரண்டு பேருக்கும் பதில் சொன்னால் மூன்றாவது ஆள் சந்தேகப்பட்டு வருவார். சந்திக்குப் போன பெடியன் திரும்பி வரவில்லை என்ற கதை மாதத்துக்கு ஒன்றாவது வரும். நான் அவனைப் பள்ளிக்கூடத்தால் மறித்தேன். சந்திக்கு விடவில்லை. கிரிக்கெட் விளையாட விடவில்லை. கோயில் திருவிழாவுக்குக்கூட என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரித்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு இரவுகூட வேறு வீட்டில் தங்கவிட்டதில்லை. பொழுதுபட்டால் முன்கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். கடலிடம் ஒருவரைக் கொடுத்தாயிற்று, இனி யாருக்கும் ஒருவரைக் கொடுக்க மாட்டேன் என்பது என் பிடிவாதம். அவனும் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே இருந்து பூ வெட்டினான்.

எனக்கு மணப்பெண் அலங்காரம் தொழில். சும்மா கிடக்கிற இந்தப் பூக்களைப் பெண்களின் நகத்தில் வைத்தால் என்ன என்று யோசித்தது நான்தான். முதல் பெண் கையை விரித்துப் பார்த்துவிட்டு வாய் மூடவில்லை. அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டு வந்தார்கள். களி முடிந்ததும் கட்டாரில் வேலை செய்த மச்சாள் அனுப்பினாள். ஒன்று மட்டும் நாங்கள் ஒழுங்காக வைத்திருந்தோம். தம்பி பூச் செய்வான், வெட்டுவான். பெண்ணின் கையைத் தொட்டு ஒட்டுவது நான். எங்கள் பக்கத்தில் கலியாணப் பெண்ணின் கையை இன்னொரு ஆம்பிளை பிடித்துக்கொண்டு இருக்க முடியுமா?

எங்கள் பக்கம் வெடிச் சத்தம் முதலே ஓய்ந்துவிட்டது. பிறகு வடக்கிலும் எல்லாம் முடிந்தது என்று ரேடியோ சொன்னது. யாரும் ஆடிப்பாடவில்லை. ஆனால் கலியாணங்கள் வந்தன. தள்ளிப்போட்ட கலியாணம், பயந்து நின்ற கலியாணம், மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் கிடந்த கலியாணம் எல்லாம் அந்த ஆவணியில் ஒன்றாக வந்து விழுந்தன. மண்டபம் கிடைக்கவில்லை, ஐயர் கிடைக்கவில்லை, நானும் கிடைக்கவில்லை. ஒரே முகூர்த்தத்தில் எனக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பக்கத்து ஊர். மற்றவள் கல்குடாவில்.

கல்குடாப் பெண்ணின் தலையலங்காரத்துக்கு வேறு ஆளை ஒழுங்கு செய்துவிட்டேன். நகத்துக்கு மட்டும் எங்கள் செவ்வரத்தைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். போதாததற்குக் குங்குமச் சிமிழுக்கும் அதே பூ. அது சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிற சிமிழ், வெளியே தர மாட்டோம், வீட்டுக்கு வந்து ஒட்டித்தாருங்கள் என்றார்கள். ஒட்டியபின் வேக வைக்க, கல்குடாவுக்குக் கிட்ட ஓட்டமாவடியில் நானாவின் மச்சானுடைய பேக்கரி இருந்தது. ஆக, யாராவது முதல் நாளே போக வேண்டும்.

"நான் போறன் அக்கா" என்றான் தம்பி.

"நீயா? தனியவா?"

"இருவது வயசு ஆகிட்டு. ஒட்டுறத அந்தப் பிள்ளைட தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கிறன். பொழுதுபட வந்துருவன்."

எல்லாரும் போய்வருகிறார்கள்தானே, இனி என்ன பயம் என்று எனக்கு நானே சொன்னேன். காலையில் அவனுடைய பையை நான்தான் அடுக்கினேன். நகக் குச்சிகள் முறியாமல் ஒரு கட்டாக ரப்பர் பாண்ட் போட்டு, ஈயத் தாளில் சுற்றினேன். நகப்பூச்சுப் போத்தல்கள், பூச்சு கழுவுகிற மணமுள்ள தண்ணீர், பிளேட். வேகாத உருளை இருக்கிறதே, அது உருகாமல் போய்ச் சேர வேண்டும். வீட்டில் இருந்த தேநீர்ப் பிளாஸ்குக்குள் மீன்பெட்டி ஐஸைப் போட்டு, நடுவில் உருளையை இறக்கி மூடினேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கல்குடாப் பக்கம் போகிற வாழைச்சேனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அடுத்த நாள் மணப்பெண்ணுக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"தங்கச்சி, நான் வாழைச்சேனை பஸ்ஸில வந்த ஆள். உங்கட தம்பிய செக்பொயிண்ட்ல இறக்கிட்டாங்க. பஸ்ஸ விட்டுட்டாங்க, அவர விடல்ல. இறங்கக்குள்ள உங்கட நம்பரச் சொன்னார். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது மனே. கெதியாப் போங்க."

எந்தச் செக்பொயிண்ட் என்று கேட்கத் தெரிந்தது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. யாரைக் கூப்பிடுவது? எனக்குச் சிங்களம் தெரியாது. பேசத் தெரிந்தவர், அந்தக் களி என்னவென்று அறிந்தவர், உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். நானாவுக்குப் போன் அடித்தேன். அவர் பக்கத்து ஊரில் பாண் விற்றுக்கொண்டு நின்றார். அப்படியே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பின்னால் பாண் தட்டுகளுக்குள் ஒடுங்கி இருந்துகொண்டு போனேன். டவுன் தாண்டி, வாழைச்சேனை றோட்டில் ஓட்டோ பறந்தது. ஓட்டோவில் பாண் வந்திருக்கிறது என்று அறிவிக்கிற அந்தக் கிணுகிணு இசை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நானாவுக்கு அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. வழியில் இரண்டு இடத்தில் ஆட்கள் பாண் வாங்கக் கை காட்டினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

செக்பொயிண்டிலும் அந்த இசையோடுதான் போய் இறங்கினோம். மண்மூட்டைகளுக்குப் பின்னால், தறப்பாள் நிழலில், ஒரு நீள மர வாங்கில் தம்பி இருந்தான். உயிரோடு, கை கால் முழுசாக இருந்தான். அவனைக் கண்டதும் எனக்கு வந்த முதல் எண்ணம், ஓடிப்போய் ஒரு அறை விட வேண்டும் என்பது. தூரத்தில், வெறும் மண்ணில், அவனுடைய பை தனியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்க் திறந்தபடி நின்றது. யாரும் அதன் அருகில் போகவில்லை. என்ன நடந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

செக்பொயிண்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரே சொல்லில். கூடப் பேசினால் கூடக் கேள்வி வரும். எங்கே, வீடு. என்ன, சாப்பாடு. இப்படித்தான் இத்தனை வருசமும் கடந்து வந்தோம். ஆமிக்காரன் பிளாஸ்கைக் காட்டி என்ன என்று கேட்டிருக்கிறான். நிறக் களி, பூ, நகம், கலியாணம் என்பதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? பிளாஸ்க் என்றால் தேத்தண்ணி. தம்பி "தே" என்றான். திறந்து பார்த்தால் ஐஸுக்குள் சேற்று நிறத்தில் மெதுமெது என்று ஒரு கட்டை. பையைக் கிண்டினால் ஈயத் தாள் சுற்றிய குச்சிக் கட்டு, நெடியடிக்கிற போத்தல்கள், பிளேட். கட்டிக் கொடுத்த நானே பார்த்தாலும் குண்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

பொறுப்பாக நின்ற அதிகாரி இளந்தாரி. நித்திரை இல்லாத கண். நானா கை இரண்டையும் அகல விரித்துக்கொண்டு சிங்களத்தில் பேசினார். அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை, ஆனால் பாணைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், வானத்தையும் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"இத எத்தின தரம் என்ட போறணைக்குள்ள வெச்சிருக்கன், வெடிக்கிறதெண்டா நானும் என்ட பேக்கரியும் இண்டைக்கு இரிப்பமா எண்டு கேட்டன் தங்கச்சி. அப்ப ஏன் பெடியன் தே எண்டு பொய் சொன்னான் எண்டு சேர் கேக்குறார்."

"பொய் இல்ல, பயம் எண்டு சொல்லுங்க நானா."

அவர் அதைச் சொன்னார். அதிகாரி பிளாஸ்கைக் காட்டி ஏதோ சொன்னார்.

"பூ இரிக்கெண்டா காட்டட்டுமாம். குண்டு பாக்கிற ஆக்கள் வாறதுக்கு முன்ன."

நான் பைக்குப் பக்கத்தில் போனேன். தம்பி எழும்பினான். "நீ வெட்டினா நசிச்சுப்போடுவ அக்கா, நான் வெட்டுறன்" என்றான். அந்த நிலைமையிலும் என் கைவேலையில் குற்றம் சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. அவனைச் சுற்றித் துவக்குகள். வாங்கில் ஒரு பலகைத் துண்டை வைத்து, உருளையை அதில் கிடத்தி, பிளேட்டை எடுத்தான்.

முதல் துண்டு விழுந்தது. சேற்று நிறம்தான். உள்ளே ஏதோ சிவப்புக் கலங்கல், அவ்வளவுதான். உருளையின் நுனியில் பூ எப்போதும் நசிந்துதான் இருக்கும், நாங்கள் அதை வெட்டி வீசுவோம். அது அங்கே நின்றவர்களுக்குத் தெரியுமா? ஒரு ஆமிக்காரன் பின்னுக்கு ஒரு எட்டு வைத்தான். இரண்டாவது துண்டும் கலங்கல். பிளாஸ்குக்குள் ஐஸ் உருகி எவ்வளவு நேரமோ, வெயிலில் கிடந்து முழு உருளையும் நசிந்துவிட்டதோ? உள்ளே பூ இல்லையென்றால் இனி யார் நம்புவார்கள்? அம்மா, உன்னைத்தான் கேட்கிறேன், இவனை விட்டுவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன். சாமியைக் கும்பிட நேரம் இருக்கவில்லை.

தம்பி உருளையைக் கொஞ்சம் உருட்டிவிட்டு, பிளேட்டைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். ஐந்து சிவப்பு இதழ், ஓரத்தில் வெள்ளை வரி, நடுவில் மஞ்சள். செவ்வரத்தை. அடுத்தது செவ்வரத்தை. அதற்கடுத்ததும் செவ்வரத்தை. வரிசையாகப் பலகையில் வைத்துக்கொண்டே போனான். யாரும் போதும் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னுக்குப் போன ஆமிக்காரன் முன்னுக்கு வந்து குனிந்து பார்த்தான். ஒரு துண்டை எடுத்துத் தன் பெருவிரல் நகத்தில் வைத்துப் பக்கத்தில் நின்றவனுக்குக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பியின் வயதுதான் இருக்கும் அவர்களுக்கும். அதிகாரி ஒரு துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகம் சுளித்தார்.

"ஏன் மீன் மணக்குது எண்டு கேக்குறார்" என்றார் நானா.

"மீன்பெட்டி ஐஸ் எண்டு சொல்லுங்க."

அதைக் கேட்டுத்தான் அந்த மனிதர் கடைசியில் சிரித்தார். பையைத் தரச் சொன்னார். எனக்கு நன்றி சொல்ல வாய் வந்தது. ஏன் சொல்ல வேண்டும், என் பிள்ளையை எனக்குத் தருகிறதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். நானா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பாண் தட்டிலிருந்து ஆமிக்காரர்களுக்கு ஆளுக்கொரு பணிசும் கொடுத்தார்.

றோட்டுக்கு வந்ததும் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது முடிந்துவிட்டது, அவன் என் பக்கத்தில் நிற்கிறான் என்பது மெல்ல மெல்லத்தான் உடம்புக்கு ஏறியது. அப்படி ஒரு ஆறுதலை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவனுடைய தலையைத் தடவினேன், முதுகில் ஒரு அடியும் போட்டேன்.

"ஏறு, வீட்ட போவம்" என்றேன்.

அவன் ஏறவில்லை. பிளாஸ்கைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சு அக்கா. இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி. அந்தப் பிள்ளைக்கு விடியக் கலியாணம்."

"கலியாணமும் மண்ணும். ஏறுடா."

"நான் குண்டு கொண்டு போகல்லயே" என்றான். "பூத்தானே கொண்டு போறன். பிறகேன் நான் திரும்பி வர?"

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன், அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். நான் நானாவைப் பார்த்தேன். அவர் எனக்கு உதவிக்கு வரவில்லை. ஓட்டோவின் தட்டுகளைச் சரி செய்கிற மாதிரி அங்கால் திரும்பிக்கொண்டார். இவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் ஏறு என்று இன்னொரு முறை சொன்னால் ஏறுவான், அது எனக்குத் தெரியும். ஏறினால் இனி அவன் தானாக ஓரிடத்துக்கும் போகமாட்டான், அதுவும் எனக்குத் தெரியும்.

கொஞ்சத் தூரத்தில் ஒருவர் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றுக்கொண்டு நின்றார். பிளாஸ்கை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அங்கே போனேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, அவரைக் கெஞ்சிப் புது ஐஸ் வாங்கி நிரப்பினேன். உருளையை உள்ளே இறக்கி இறுக்கி மூடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இனிக் கேட்டா என்ன சொல்லுவ?"

"திறந்து காட்டுவன்" என்றான்.

பஸ் வந்தது. ஏறினான். யன்னலால் கை காட்டுவான் என்று நின்றேன், அவன் யாரோ ஒரு கிழவருக்குச் சாமானைத் தூக்கி வைக்க உதவி செய்துகொண்டிருந்தான். பஸ் போய்விட்டது. திரும்பி வருகிற வழி முழுக்க நானா பாண் விற்றுக்கொண்டு வந்தார். நானும் இறங்கி இறங்கி எடுத்துக் கொடுத்தேன்.

பொழுதுபடுகிற நேரம் கல்குடாவிலிருந்து அழைப்பு வந்தது. மணப்பெண்ணின் தாய்.

"பிள்ளை கையப் பாத்துப் பாத்துச் சாப்பிடாம இரிக்கு. சிமிழும் அவிச்சுக் கொண்டு வந்துட்டாங்க, என்ன வடிவு! தம்பி சரியாக் களைச்சுப் போனார். இருட்டுப்பட்டுட்டு, இனி விட ஒண்ணா. எங்கட பெடியளோட கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இரிக்கிறார். கலியாணமும் பாத்துட்டு நாளைக்கு வரட்டுமே மகள்?"

பின்னால் பெடியன்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் எது அவனுடையது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவன் மற்றப் பெடியன்களோடு சேர்ந்து சிரித்து நான் கேட்டதே இல்லை.

"ஓம் மாமி, நிக்கட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நேரத்தோடு சாப்பிட்டுப் பாயைப் போட்டுச் சரிந்ததுதான் நினைவு. விடிய எழும்பிப் பார்த்தபோது முன்கதவு பூட்டாமலே கிடந்தது.